மூலையில் நின்ற 'ம'

இயேசு மரி சூசை

குருநகர், யாழ்ப்பாணம்
11 சனவரி 2009

என் அன்புத் தங்கச்சி கசில்டாவுக்கு,

உன் நத்தார் அட்டை நேற்றுத்தான் கைக்கு வந்தது. நானும் உன் மச்சாள் ஜெயராணியும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். அவளுக்கு முழங்கால் நோ, எனக்குப் பொழுது போகாத நோ. நீ தொலைபேசி எடுக்கவில்லை என்று குறை நினைக்கவில்லை. எடுத்தாலும் கோட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிற மாதிரியே கிடக்கும். கடிதம்தான் நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சந்தியோகுமையோர் கோயில் கட்டி இந்த வருஷம் நூற்றைம்பது ஆண்டு. கோயில் பத்தொன்பது வருஷமாக இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்கிறது. நாங்கள் வெளியே கிடக்கிறோம். என்றாலும் சிதறிய சனம் சேர்ந்து ஒரு மலர் வெளியிட யோசிக்கிறோம். மலர்க் குழுவுக்கு நான்தான் தலைவர். கோயில் முகப்பைக் காட்டுகிற ஒரு போட்டோகூட எவரிடமும் இல்லை. தொண்ணூறில் ஓடும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே தவிர, போட்டோ அல்பத்தைத் தூக்கிக்கொண்டு எவர் ஓடினார்?

எங்கள் ஐயா கீறிய நீர்வண்ணப் படம் உன்னிடம் இருக்கிறது. நீ லண்டனுக்குப் புறப்பட்டபோது அம்மா சேலைகளுக்கு நடுவில் வைத்துத் தந்தா. அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. அட்டையில் போட்டு, 'ஓவியம்: அமரர் ச. மரியாம்பிள்ளை, தலைமையாசிரியர்' என்று அச்சிடுவோம். எந்த வருஷம் கீறினார் என்று உனக்குத் தெரியுமா? நான் அப்போது பட்டணத்தில் போர்டிங்கில் நின்று படித்தேன்.

உன் மகளுக்கு எங்கள் ஆசீர். குளிருக்குள் வெறும் தலையோடு திரியாதே.

உன் அண்ணன்,
கிறிஸ்துராஜா


தோர்ண்டன் ஹீத், லண்டன்
8 பெப்ரவரி 2009

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் பனியோடு சேர்ந்து வந்தது. நான் சுகம். மகள் தாரகாவும் சுகம். மச்சாளின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். தலைவர் பதவி கிடைத்தது நல்லது. அதிகாரம் பண்ணுவதற்கு மச்சாள் ஒருத்தி உங்களுக்குப் போதாமல்தான் இருந்தது.

போன திங்கட்கிழமை லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. பள்ளிக்கூடம் பூட்டு, ஆகையால் பள்ளிச் சமையலறையில் எனக்கும் வேலை இல்லை. தெருவில் சத்தமே கிடையாது. ஜன்னலால் வந்த வெள்ளை வெளிச்சம் நேரே படத்தில் விழுந்தது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷமாக அந்தச் சுவரில் தொங்குகிறது, அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். மஞ்சள் சுவர், ஒரு பக்கம் லேசாகச் சரிந்த மணிக்கூண்டு, பின்னால் ஒரு விரல் அகலத்துக்குக் கடல். வானத்துக்கு நிறமே பூசவில்லை. வெறும் கடதாசியாகவே விட்டிருக்கிறது. அது காலமையா பின்னேரமா என்று சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பூசைக்கு மணி அடித்து முடிந்து, கடைசிச் சத்தம் மட்டும் நிற்கிற நேரம் மாதிரி இருக்கிறது.

அண்ணை, ஐயா வேறு ஏதாவது கீறி நாங்கள் கண்டிருக்கிறோமா? எனக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். வன்னிச் செய்திகளை இரவும் பகலும் கேட்கிறோம். அக்கா முல்லைத்தீவில் எந்தப் பக்கம் இருந்தா என்று உங்களுக்கு ஏதும் தெரியுமா? வாமதேவன் அத்தானோடு போய்ச் சைவக் கோயிலில் தாலி கட்டின நாளிலிருந்து, நாற்பத்து மூன்று வருஷமாக, நாங்கள் இரண்டு பேரும் அவவின் பெயரைக் கடிதத்தில் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். றெஜினா அக்கா.

பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
கசில்டா


இயேசு மரி சூசை

குருநகர்
5 மார்ச் 2009

அன்புத் தங்கச்சிக்கு,

தைலம் கிடைத்தது. ஜெயராணி பூசிக்கொண்டு வீடு முழுக்க மணக்கத் திரிகிறாள். உன் சுகம் அறிந்து சந்தோஷம்.

படத்தை ஈரச் சுவரில் தொங்கவிடாதே. போட்டோ எடுக்கும்போது வலது பக்கக் கீழ் மூலை விடுபடாமல் பார்த்துக்கொள். அங்கே 'ம.' என்று ஒரு எழுத்து இருக்கும். மரியாம்பிள்ளை என்பதற்கு ஐயா வைத்த அடையாளம். அது முக்கியம். ஏனென்றால் குழுவில் இருக்கிற யாக்கோப்பு மாஸ்டர், 'மரியாம்பிள்ளையர் பிரம்பு பிடிச்சுக் கண்டிருக்கிறன், பிரஷ் பிடிச்சுக் காணேல்லை' என்று கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பொறாமை. ஐயாவுக்குக் கை இருந்தது, நேரம்தான் இருக்கவில்லை.

மற்றப்படி இங்கே விசேஷம் இல்லை. அரிசி, மா எல்லாம் விலை. தபஸ் காலம் ஆகையால் மீன் மச்சம் வாங்குவதில்லை, வாங்கக் கிடைப்பதும் இல்லை.

போட்டோவை எதிர்பார்க்கும்,
அண்ணன் கிறிஸ்துராஜா


தோர்ண்டன் ஹீத்
19 ஏப்ரல் 2009

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்தைப் பிந்திச் சொல்கிறேன். உங்கள் சுகமும் மச்சாளின் சுகமும் எழுதுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நித்திரைதான் வருவதில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன்.

பள்ளிக்கூட வேலை முடிந்ததும் ரயில் பிடித்து, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்கிறேன். அங்கே சனம் கடல். அவரவர் தங்கள் ஆட்களின் படங்களை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குப் பிடிக்க ஒரு படம் இல்லை. அக்காவின் போட்டோ எல்லாவற்றையும் ஐயா அடுப்புக்குள் போட்டுவிட்டார் அல்லவா? வெறுங்கையோடு நிற்க வெட்கமாக இருந்தது.

கோயில் படத்தை தாரகா போட்டோ எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் எங்கள் ஜன்னலும் என் முகமும்தான் விழுகின்றன. பிரேமைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

அண்ணை, படம் கீறின நேரம் எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது, அல்லது நினைவு மாதிரி ஏதோ இருக்கிறது. எனக்கு எட்டு வயதிருக்கும். கோயில் முற்றத்தில் மண்ணில் படுத்திருக்கிறேன். பக்கத்தில் பால்மாத் தகர ரின்னில் தண்ணீர், அது மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. யாரோ பிரஷை ரின்னில் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடி வளையல் கிலுங்குகிறது. முகத்தைப் பார்க்க நிமிர்ந்தால் வெயில் கண்ணைக் கூசுகிறது. ஐயா வளையல் போட்டதில்லை. ஆகையால் கனவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். தெரியாது என்றாவது எழுதுங்கள்.

கசில்டா


தோர்ண்டன் ஹீத்
7 யூன் 2009

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மே மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறா.

லண்டன் றோட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற தவராசாவின் தங்கச்சி வவுனியா முகாமில் இருக்கிறா. அவவின் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்தில், 'றெஜினா எண்டு ஒரு அம்மா, ஒருத்தரும் இல்லாமல் தனிய இருக்கிறா, பொழுதுபட்டால் செபம் சொல்லுறா, திருநீறும் பூசுறா' என்று தவராசாவிடம் சொல்லியிருக்கிறா. கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டு நிற்கும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். வாமதேவன் அத்தான் மாசியிலேயே தவறிப் போய்விட்டாராம். பிள்ளை குட்டி இல்லை.

அறுபது தாண்டியவர்களைச் சொந்தக்காரர் வந்து கையெழுத்து வைத்தால் வெளியே விடுவார்களாம். அக்காவுக்கு அறுபத்தாறு. எனக்கு இங்கிருந்து கையெழுத்து வைக்க ஏலாது. வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், போய்க் கூட்டி வாருங்கள்.

கசில்டா


இயேசு மரி சூசை

குருநகர்
2 யூலை 2009

தங்கச்சிக்கு,

கடிதங்கள் கிடைத்தன. நாங்கள் சுகம்.

போட்டோ இன்னும் வந்து சேரவில்லை. சந்தியோகுமையோர் திருநாள் இருபத்தைந்தாம் திகதி. அதற்குள் மலர் அச்சேற வேண்டும்.

நீ எழுதிய மற்ற விஷயம். அது ஐயா எடுத்த முடிவு. 'இந்த வீட்டிலை இனி அந்தப் பெயர் எடுபடக் கூடாது' என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். தன் செத்த வீட்டுக்குக்கூட அவளுக்கு அறிவிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். நாங்கள் அறிவிக்கவில்லை. கோயில் மாறிப் போனவளுக்கு வாசல் திறக்கிறதென்றால் திறக்க வேண்டியவர் அவர். அவர் கல்லறைக்குள் இருக்கிறார். அவர் சொல்லைத் தாண்டி நடக்க எனக்கு ஏலாது. உனக்கு ஏலுமாக இருக்கலாம். நீ தூரத்தில் இருக்கிறாய்.

ஜெயராணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கிறிஸ்துராஜா


தோர்ண்டன் ஹீத்
26 யூலை 2009

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்றுத் திருநாள். உங்கள் எல்லாருக்காகவும் மெழுகுதிரி கொளுத்தினேன். உங்கள் கடிதத்துக்குக் கோபமாகப் பதில் எழுதிக் கிழித்தேன். இது இரண்டாவது.

படத்தை அப்டன் பார்க்கில் பிரேம் போடுகிற மாதவனிடம் கொண்டுபோனேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரில் இருந்த வெள்ளைக்காரி ஸ்டேஷன் நாலைந்து போகும்வரை கோயிலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிரேமுக்கும் படத்துக்கும் நடுவில் சுற்றிவர ஒரு வெள்ளை அட்டை இருக்கிறதல்லவா, அதை அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, 'அக்கா, இது கடைல வெட்டின அட்டை இல்ல. யாரோ கைல வெட்டிருக்காங்க' என்றார். வாங்கித் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சில் கோடும் அளவும். அண்ணை, அந்த ஏழு யாருடையது என்று எனக்குத் தெரியும். நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. எங்கள் கணக்குக் கொப்பிகளில் ஐயா போடுகிற ஏழு. பள்ளிக்கூடத்து அட்டையை அவரே வெட்டியிருக்கிறார்.

அட்டையை எடுத்ததும் மூலையில் 'ம.' மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில், அட்டை மறைத்திருந்த இடத்தில், 'றெஜினா, 1960' என்று இருக்கிறது.

ம. றெஜினா.

நாங்கள் எவ்வளவு மடையர்கள் என்று மாதவனின் கடையில் நின்று சிரித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயா எங்கேயாவது 'ம.' என்று கையெழுத்து வைப்பாரா? அவர் ச. மரியாம்பிள்ளை; அது சவிரிமுத்துத் தாத்தாவின் 'ச'. தகப்பன் பெயரை முன்னால் போடுகிற எங்கள் வழக்கத்தில், 'ம.' என்று போட்டால் மரியாம்பிள்ளையின் பிள்ளைதான் போட வேண்டும். நீங்கள் ம. கிறிஸ்துராஜா என்று ஆயிரம் தரம் கையெழுத்து வைத்தவர். எழுத்தைக் கண்டோம், ஐயா என்றோம். அந்தக் கண்ணாடி வளையல் கனவில்லை, அண்ணை. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது.

இன்னும் ஒன்று. அதைத்தான் நான் இரவிரவாக யோசிக்கிறேன். பெயரை மறைக்க அட்டை வெட்டியவர், இன்னும் அரை அங்குலம் அகலமாக வெட்டியிருந்தால் 'ம.'வும் மறைந்திருக்கும். வெட்டவில்லை. போட்டோ எல்லாவற்றையும் எரித்தவர் இதை எரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற எவருடைய கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கவிட்டு, சாகும்வரை அதற்குக் கீழேதான் சாய்வு நாற்காலியைப் போட்டு இருந்தார். புருஷன் பெயர் முன்னால் வந்து அவ 'வா. றெஜினா' ஆன பிறகும் தன்னுடைய எழுத்தை அவவிடமிருந்து அவர் பிடுங்கவில்லை. வாயால் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். கையால் செய்ததை நான் பார்த்தேன்.

இதோடு இரண்டு போட்டோ வைத்திருக்கிறேன். ஒன்று அட்டையோடு, ஒன்று அட்டை இல்லாமல். மலர் பிந்தியிருந்தால், எதைப் போடுவது, எந்தப் பெயரை எழுதுவது, அது தலைவரின் விருப்பம்.

அக்கா இன்னும் அங்கேதான். மழைக்காலம் வருகிறது.

கசில்டா


தோர்ண்டன் ஹீத்
27 செப்ரெம்பர் 2009

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் உங்களிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

தவராசாவின் தங்கச்சியை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். இனிச் செய்தி வர வழி இல்லை.

படத்தை அட்டை இல்லாமல் சுவரில் கொழுவியிருக்கிறேன். விளிம்புகள் எல்லாம் வெளியே வந்ததால் கோயில் பெரிதாகத் தெரிகிறது. அட்டை மறைத்த பக்கம் இத்தனை வருஷமும் வெளிச்சம் படாததால் கடலின் ஓரம் புதுநீலமாக நிற்கிறது. நேற்று விடிய வெள்ளாப்பில் ஒரு கனவு. படத்துக்குள் நடந்து போகிறேன். கோயில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனால் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் பிளாட்பாரம். எங்கள் ஊர்ச் சனம் எல்லாம் பூசைக்கு நிற்பது போல முக்காடு போட்டுக்கொண்டு ரயிலுக்கு நிற்கிறது. அம்மாவும் நிற்கிறா. ஒவ்வொரு முக்காடாக விலக்கி விலக்கி அக்காவைத் தேடுகிறேன். ஒருவரும் கோபிக்கவில்லை. ரயில் வருகிற சத்தம் கேட்டபோது விழித்துவிட்டேன்.

மச்சாளிடம் சொல்லி ஒரு வரியாவது போடுங்கள். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறதே நீங்கள் ஒருவர்தான்.

கசில்டா


இயேசு மரி சூசை

குருநகர்
25 ஒக்ரோபர் 2009

என் அன்புத் தங்கச்சி கசில்டாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம்.

உன் யூலைக் கடிதத்தை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தேன். பிறகு வவுனியாவுக்கு விண்ணப்பம் போட்டேன். பாதை திறந்து பஸ் ஓடினாலும், போக அனுமதி எடுக்க ஒரு மாதம். போனால், என் அடையாள அட்டையில் மரியாம்பிள்ளை கிறிஸ்துராஜா, அவவுடையதில் வாமதேவன் றெஜினா. சகோதரம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். ஞானஸ்நானப் பதிவு கோயிலோடு போய்விட்டது. நீ அனுப்பிய, 'ம. றெஜினா' தெரிகிற போட்டோவை நீட்டினேன். அந்த அதிகாரி நல்ல மனிதர், நேரமெடுத்துப் பார்த்தார். 'படம் வடிவாக இருக்கிறது, ஆனால் இது போதாது' என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். வெறுங்கையோடு திரும்பி வந்து, ஆயர் இல்லத்தில் கடிதம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கூட்டி வருவேனா இல்லையா என்று தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது? அதுதான் எழுதவில்லை.

அவ இப்போது முன்னறையில் நித்திரை. வந்த நாளிலிருந்து நித்திரைதான். எழும்பினால் ஜெயராணியோடு அடுப்படியில் இருக்கிறா. அதிகம் கதைப்பதில்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் கோயிலுக்கு வருகிறா. பங்குச் சாமியார் கண்டும் காணாத மாதிரி இருக்கிறார். போட்டோவைக் காட்டினேன். 'மணிக்கூண்டைச் சரிச்சுப் போட்டன் என்ன' என்று மட்டும் சொன்னா. மலர் யூலையிலேயே படம் இல்லாமல் வெளிவந்துவிட்டது. கீறியது யார் என்று யாக்கோப்பு மாஸ்டருக்குப் போய்ச் சொன்னேன். 'எனக்கு அப்பவே தெரியும்' என்கிறார். தெரிந்தவர் சொல்லியிருக்கலாம்.

ஒரு விஷயத்தை எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். ஜெயராணி எழுதச் சொல்கிறாள்.

அன்றைக்கு முட்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவதான் என்னைக் கண்டு 'ராசா' என்றா. ஆயர் இல்லக் கடிதத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்தா. பிறகு மெதுவாகக் கேட்டா:

'ஐயா வரச் சொன்னவரோ?'

ஐயா செத்து முப்பது வருஷம், கசில்டா. தெரிந்துகொண்டு கேட்டாவோ, தெரியாமல் கேட்டாவோ, இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

'ஓம் அக்கா' என்றேன்.

'அப்ப வாறன்' என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தா.

உன் அண்ணன்,
கிறிஸ்துராஜா